நைத்திரேற்று உப்புகள் கரைசலில் எப்போது தாக்கமுறும், எப்போது தாக்கமுறாது?

கொட்டாஞ்சேனையிலிருந்து உயர்தர மாணவர் ஒருவர் மூன்று கேள்விகளைச் சேர்த்து அனுப்பியிருக்கிறார். பொற்றாசியம் நைத்திரேற்றுக் கரைசலுடன் உப்பு, செப்பு சல்பேற்று, சோடியம் காபனேற்று என எதனைக் கலந்தாலும் ஒன்றும் நிகழவில்லை; வெள்ளி நைத்திரேற்றோ ஏறத்தாழ எல்லாவற்றுடனும் வீழ்படிவைத் தருகிறது; இரண்டிலும் இருப்பது ஒரே நைத்திரேற்றுத்தானே என்பது முதலாவது கேள்வி. சோடியம் சல்பைற்றுக் கரைசலுடன் பேரியம் நைத்திரேற்றைச் சேர்த்து, பின்னர் ஐதான நைத்திரிக்கமிலத்தை விட்டபோது, கரைந்துபோக வேண்டிய வெண்ணிற வீழ்படிவு கரையாமல் எஞ்சியது ஏன் என்பது இரண்டாவது. யாழ்ப்பாணத்தில் அம்மம்மா வீட்டுக் கிணற்று நீரில் நைத்திரேற்று அதிகம் என்று பரிசோதனை அறிக்கை வந்திருக்கிறது, ஏதாவதொரு சேர்மத்தைப் போட்டு அதனை வீழ்படிவாக்கி அகற்ற முடியாதா என்பது மூன்றாவது. மூன்றுக்கும் விடை ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது என்பதால் ஒன்றாகவே எழுதுகிறேன்.

நைத்திரேற்று உப்பொன்றை நீரில் கரைத்தவுடன் அந்த உப்பு அந்த வடிவில் இல்லாமற் போகிறது. பொற்றாசியம் நைத்திரேற்றுக் கரைசலில் இருப்பவை நீர் மூலக்கூறுகளால் சூழப்பட்ட பொற்றாசியம் அயன்களும், அவற்றைப் பொருட்படுத்தாமல் தனித்து அலையும் நைத்திரேற்று அயன்களுமே. அதனுடன் சோடியம் குளோரைட்டைச் சேர்த்தால் நான்கு வகை அயன்கள் ஒரே நீரில் இருக்கும். அந்த நான்கையும் எப்படிச் சோடி சேர்த்தாலும் கிடைக்கக்கூடிய உப்புகள் அனைத்தும் நீரில் நன்கு கரைபவை. ஆகவே எந்தச் சோடிக்கும் கரைசலை விட்டு விலகிச் செல்லக் காரணமில்லை. பொற்றாசியம் குளோரைட்டும் சோடியம் நைத்திரேற்றும் உண்டாகின்றன என்று சமன்பாடு எழுதும் மாணவர்களைப் பார்க்கிறேன், அது தவறு. அங்கே தாக்கமே நிகழவில்லை, கலத்தல் மட்டுமே நிகழ்ந்தது.

ஆனால் அதே நான்கு அயன்களைக் கொண்ட கரைசலைச் சூடாக்கி ஆவியாக்கினால் நிலைமை மாறும். சோடியம் குளோரைட்டின் கரைதிறன் வெப்பநிலையுடன் பெரிதாக மாறுவதில்லை. 100 கிராம் நீரில் 20 பாகை செல்சியசில் 36 கிராம் அளவும், 60 பாகையில் 37 கிராம் அளவும் கரையும். பொற்றாசியம் நைத்திரேற்றோ 20 பாகையில் 32 கிராம் அளவு, 60 பாகையில் 110 கிராம் அளவு. எனவே சோடியம் நைத்திரேற்றையும் பொற்றாசியம் குளோரைட்டையும் கலந்து சூடாகச் செறிவாக்கும்போது முதலில் பளிங்காவது சோடியம் குளோரைட்டு. அதனை வடித்துவிட்டுக் குளிரவிட்டால் பொற்றாசியம் நைத்திரேற்று பிரிந்து வரும். எந்த உப்பு வெளியேறுகிறது என்பதைக் கரைதிறன்தான் தீர்மானிக்கிறது. நாம் எந்த இரண்டு போத்தல்களிலிருந்து எடுத்தோம் என்பது அல்ல.

நைத்திரேற்றுகள் ஏன் இவ்வளவு எளிதாகக் கரைகின்றன என்பதைப் பாடநூல்கள் பெரும்பாலும் விதியாக மட்டுமே சொல்லிவிட்டுப் போகின்றன. காரணம் அயனின் அமைப்பில் இருக்கிறது. நைதரசன் அணு நடுவில் இருக்க, மூன்று ஒட்சிசன் அணுக்கள் ஒரே தளத்தில் சம இடைவெளியில் அமைகின்றன. −1 ஏற்றம் அந்த மூன்றிலும் சமமாகப் பரவியிருக்கிறது. ஏற்றம் சிறியது, அதுவும் பரவலானது என்பதால் கற்றயன்களை, அதாவது நேர் ஏற்றமுள்ள அயன்களை, அது இறுகப் பற்றுவதில்லை. பளிங்குச் சாலகத்தில் கிடைக்கும் பிணைப்பைவிட, கற்றயனை நீர் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்வதால் கிடைக்கும் நன்மை பெரும்பாலும் போதுமானதாகிவிடுகிறது. இதே வடிவமுடைய காபனேற்று அயனை ஒப்பிட்டுப் பாருங்கள். அதன் ஏற்றம் −2. கல்சியம், பேரியம், ஈயம், செப்பு என அது எல்லாவற்றையும் கரையாத திண்மமாக்குகிறது. ஐதரசன் அயனையும் காபனேற்று விடாமல் பிடித்துக்கொள்கிறது, அதனால்தான் ஐதான அமிலம் பட்டவுடன் நுரைக்கிறது. நைத்திரேற்றோ ஐதரசன் அயனைக்கூடப் பிடிப்பதில்லை. நைத்திரிக்கமிலம் வன்னமிலமாக இருப்பதன் பொருளே அதுதான். ஆகவே திண்ம நைத்திரேற்று உப்பின்மீது ஐதான ஐதரோகுளோரிக்கமிலத்தை ஊற்றினால் வாயு வராது, மணம் வராது, எதுவும் வராது.

இதிலிருந்து முதலாவது கேள்விக்கு விடை கிடைக்கிறது. வெள்ளி நைத்திரேற்றின் தாக்கங்கள் என்று நாம் படிப்பவை வெள்ளி அயனின் தாக்கங்கள். ஈய நைத்திரேற்றின் தாக்கங்கள் ஈய அயனின் தாக்கங்கள். ஆய்வுகூட அலுமாரியில் இத்தனை உலோகங்களின் நைத்திரேற்றுகள் வரிசையாக இருப்பதற்குக் காரணமும், நைத்திரேற்று தாக்கத்தில் தலையிடாமல் கற்றயனைக் கரைசலுக்குள் கொண்டுவந்து தரும் என்பதே. ஈயத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: குளோரைட்டு குளிர்நீரில் சிறிதே கரையும், சல்பேற்றும் காபனேற்றும் கரையவே கரையாது, எளிதில் கிடைக்கும் ஈய உப்புகளில் நன்கு கரைபவை நைத்திரேற்றும் அசற்றேற்றும் மட்டுமே. வெள்ளிக்கும் ஏறத்தாழ அதே நிலைதான்.

வெள்ளி அயனின் உணர்திறன் எவ்வளவு என்பதைக் கொழும்பின் குழாய் நீரை வைத்தே கணித்துக் காட்டலாம். நமது குழாய் நீரில் பெரும்பகுதி களனி கங்கையிலிருந்து அம்பத்தலையில் எடுக்கப்பட்டுச் சுத்திகரிக்கப்பட்டுக் குளோரீன் சேர்க்கப்பட்டு வருவது. அதில் குளோரைட்டு லீற்றருக்கு 10 மில்லிகிராம் மட்டுமே இருப்பதாகக் கொள்வோம். அது லீற்றருக்கு ஏறத்தாழ 2.8 × 10⁻⁴ மூல். 5 மில்லிலீற்றர் நீரில் 0.1 மூல் செறிவுள்ள வெள்ளி நைத்திரேற்று ஒரு துளி, அதாவது 0.05 மில்லிலீற்றர் அளவு, விட்டால் வெள்ளி அயனின் செறிவு 10⁻³ மூல் ஆகும். இரண்டையும் பெருக்கினால் 2.8 × 10⁻⁷. வெள்ளிக் குளோரைட்டின் கரைதிறன் பெருக்கமோ, அதாவது வீழ்படிவு தோன்றாமல் அந்தப் பெருக்கம் எட்டக்கூடிய எல்லையோ, 25 பாகையில் 1.8 × 10⁻¹⁰ அளவுதான். எல்லையை 1,500 மடங்கு தாண்டிவிட்டோம்; குழாய் நீர் மங்கலாகாமல் இருக்க வழியில்லை. வெள்ளவத்தைக் கரையில் அள்ளிய கடல்நீரில் லீற்றருக்கு 19 கிராம் அளவு குளோரைட்டு உண்டு என்பதால் அங்கே மங்கல் இல்லை, தயிர்போல் திரண்ட வீழ்படிவே கிடைக்கும். குழாய் நீரில் கரைத்த வெள்ளி நைத்திரேற்றை வைத்துக்கொண்டு குளோரைட்டுச் சோதனை செய்வது பயனற்றது என்று ஆசிரியர்கள் வலியுறுத்துவதன் கணக்கு இதுதான். மாதிரி எதுவும் சேர்க்காமல் காய்ச்சி வடித்த நீரில் வெறுஞ்சோதனை ஒன்றையும் பக்கத்திலேயே செய்து வையுங்கள்.

குளோரைட்டு, புரோமைட்டு, அயடைட்டு ஆகிய மூன்றும் வெள்ளியுடன் முறையே வெண்மை, வெளிர்மஞ்சள், மஞ்சள் வீழ்படிவுகளைத் தரும். மங்கிய வெளிச்சத்தில் இந்த நிறங்களை நம்பி முடிவெடுப்பது சரியன்று. அமோனியாவை நம்புவதே சரி. கரைதிறன் பெருக்கம் குளோரைட்டுக்கு 10⁻¹⁰ அளவு, புரோமைட்டுக்கு 5 × 10⁻¹³ அளவு, அயடைட்டுக்கு 10⁻¹⁶ அளவு என்று இறங்கிச் செல்கிறது. அமோனியா வெள்ளி அயனுடன் இணைந்து கரையும் சிக்கல் அயனை உண்டாக்கிக் கரைசலிலுள்ள தனி வெள்ளி அயன்களைக் குறைக்கிறது. அந்தக் குறைவு ஐதான அமோனியாவில் குளோரைட்டைக் கரைக்கப் போதும், புரோமைட்டுக்குச் செறிந்த அமோனியா வேண்டும், அயடைட்டுக்கு அதுவும் போதாது. காபனேற்று, ஐதரொட்சைட்டு, பொசுபேற்று அயன்களும் வெள்ளியுடன் வீழ்படிவு தருவதால்தான் சோதனைக்கு முன் ஐதான நைத்திரிக்கமிலம் சேர்க்கிறோம். ஐதரோகுளோரிக்கமிலம் சேர்த்தால் குளோரைட்டை நாமே கொண்டுபோய்க் கொட்டியதாகிவிடும். சல்பூரிக்கமிலம் செறிவாக இருந்தால் வெள்ளி சல்பேற்று பிரியலாம். புதிதாக எந்தத் தலையீட்டையும் கொண்டுவராத ஒரே அமிலம் நைத்திரேற்றைத் தருவதுதான். அமோனியா கலந்த வெள்ளிக் கரைசலை மட்டும் ஒருபோதும் எடுத்து வைக்காதீர்கள். நாட்பட்டால் வெடிக்கும் திண்மங்கள் உண்டாகும். வேலை முடிந்த உடனே அமிலமாக்கி அகற்றிவிட வேண்டும்.

ஈய நைத்திரேற்றையும் பொற்றாசியம் அயடைட்டையும் கலக்கும்போது தோன்றும் மஞ்சள் வீழ்படிவைக் கொதிநீரில் கரைத்து மெல்லக் குளிரவிட்டால் பொன்னிறத் தகடுகளாகப் பளிங்குகள் மிதக்கும்; இரசாயனத்தில் மாணவர் மனத்தைக் கவரும் காட்சிகளில் அதற்கு நிகரானவை குறைவு. அயடைட்டை மிகையாகச் சேர்த்தால் வீழ்படிவு சிக்கல் அயனாகி மீண்டும் கரையும் என்பதால் அளவோடு சேர்க்க வேண்டும். இந்தச் சோதனை முடிந்ததும் குழாயைத் தொட்டியில் கவிழ்க்கும் பழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். கொழும்பின் கழிவுநீர்க் குழாய்கள் முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் கடலுக்குள் திறக்கின்றன; ஈயம் அங்கே போய் மறைந்துவிடுவதில்லை. ஈயக் கழிவைத் தனிப் போத்தலில் சேர்த்து, சோடியம் சல்பேற்றோ காபனேற்றோ சேர்த்துத் திண்மமாக்கி, வடித்த திண்மத்தை ஒப்படைக்கும் ஒழுங்கு ஒவ்வொரு பாடசாலையிலும் இருக்க வேண்டும். பேரியத்துக்கும் இதுவே பொருந்தும், ஆனால் அங்கே சல்பேற்றையே சேர்க்க வேண்டும். கரையும் பேரிய உப்புகள் நஞ்சு, கரையாத பேரியம் சல்பேற்று நஞ்சன்று.

செப்பு நைத்திரேற்றின் நடத்தை இன்னும் பலவகைப்பட்டது. சோடியம் ஐதரொட்சைட்டு சேர்த்தால் நீல நிற ஐதரொட்சைட்டு வீழ்படிவாகும். அமோனியாவைத் துளித்துளியாகச் சேர்த்தால் முதலில் அதே வெளிர்நீல வீழ்படிவு வந்து, பின்னர் மிகையான அமோனியாவில் கரைந்து கடும்நீலக் கரைசலாகும். சோடியம் காபனேற்றுடன் தூய செப்புக் காபனேற்று கிடைக்காது. காபனேற்றும் ஐதரொட்சைட்டும் கலந்த நீலப்பச்சை மூல உப்பே கிடைக்கும். பொற்றாசியம் அயடைட்டுடன் நிகழ்வது வீழ்படிதல் மட்டுமன்று: செப்பு அயன் அயடைட்டை அயடீனாக ஒட்சியேற்றித் தான் ஒற்றை ஏற்றத்துக்குத் தாழ்த்தப்பட்டு, வெண்ணிறக் கியூப்பிரசு அயடைட்டாகப் படிகிறது. அயடீன் கரைசலைக் கபில நிறமாக்குவதால் வெண்மை கண்ணுக்குத் தெரிவதில்லை; தயோசல்பேற்றைச் சேர்த்து அயடீனை அகற்றியபின்தான் தெரியும். இந்தத் தாக்கத்தை எழுதும்போது ஒட்சியேற்றியது நைத்திரேற்று என்று சிலர் விடை எழுதுகிறார்கள். செப்பு சல்பேற்றை வைத்துச் செய்தாலும் இதே விளைவு வருகிறது என்பதே அந்த விடையை மறுக்கப் போதுமானது. ஐயம் வரும் இடங்களிலெல்லாம் இந்த உத்தியைக் கையாளுங்கள்: அதே கற்றயனின் வேறோர் உப்பை எடுத்துச் செய்து பாருங்கள், அல்லது பொற்றாசியம் நைத்திரேற்றை எடுத்துச் செய்து பாருங்கள், எந்த அயன் தாக்கமுற்றது என்பது வெளிப்பட்டுவிடும்.

பெரிக் நைத்திரேற்றில், அதாவது +3 ஏற்றமுள்ள இரும்பின் நைத்திரேற்றில், நைத்திரேற்றின் ஒதுங்கியிருக்கும் பண்பு நமக்கு நேரடியாக உதவுகிறது. தயோசயனேற்று அயனுடன் பெரிக் அயன் தரும் இரத்தச் சிவப்பு நிறத்தை வைத்துச் சமநிலைப் பரிசோதனை செய்யும்போது, பெரிக் குளோரைட்டை எடுத்தால் குளோரைட்டும் இரும்புடன் சிக்கல் உண்டாக்கிப் போட்டியிடும். நைத்திரேற்று அப்படிச் செய்வது மிகக் குறைவு. எனினும் கரைசலைச் சிறிது நைத்திரிக்கமிலத்தால் அமிலமாக்காவிட்டால் பெரிக் அயன் நீருடனேயே தாக்கமுற்று ஐதரசன் அயனை விடுவித்து மஞ்சட்கபில நிறங்கொள்ளும். பெரிக் நைத்திரேற்றுடனோ அலுமினியம் நைத்திரேற்றுடனோ சோடியம் காபனேற்றைக் கலந்தால் காபனேற்று வீழ்படிவை எதிர்பார்க்காதீர்கள். ஐதரொட்சைட்டு படிந்து காபனீரொட்சைட்டு நுரைத்து வெளியேறும். பிசுமது நைத்திரேற்றின் அமிலக் கரைசலைச் சும்மா நீரில் ஊற்றினாலே வெண்ணிற மூல நைத்திரேற்று படிகிறது. எல்லா நைத்திரேற்றுகளும் நீரில் கரையும் என்ற விதிக்குள் அடங்காத ஒரு திண்மம் அது.

விதிக்கு வேறு எல்லைகளும் உண்டு. பேரியம் நைத்திரேற்று 20 பாகையில் 100 கிராம் நீரில் 9 கிராம் அளவே கரையும். வெள்ளி நைத்திரேற்று 200 கிராமுக்கும் மேல். ஆகவே பேரியக் கரைசலில் செறிந்த நைத்திரிக்கமிலத்தை ஊற்றினால் பொது அயன் விளைவால், அதாவது நைத்திரேற்று அயன் மிகையாவதால், பேரியம் நைத்திரேற்றே வெண்பளிங்காகப் பிரியும். சல்பேற்று இருக்கிறது என்று அதனைத் தவறாகக் கொள்ளக் கூடாது. நீர் சேர்த்தால் அது கரைந்துவிடும், பேரியம் சல்பேற்று கரையாது. நைத்திரன் என்னும் கரிம மூலம் நைத்திரேற்றுடன் கரையா உப்பைத் தரும். முற்காலத்தில் அதனை வைத்து நைத்திரேற்றை நிறுத்து அளந்தார்கள். இவை பரீட்சைக்கு வேண்டியவை அல்ல, ஆனாலும் விதி எங்கே முடிகிறது என்று தெரிந்தவர்தான் விதியைத் துணிந்து பயன்படுத்தலாம்.

இனி நைத்திரேற்று தானே தாக்கமுறும் இடத்துக்கு வருகிறேன். நைத்திரேற்றிலுள்ள நைதரசன் +5 என்ற மிக உயர்ந்த ஒட்சியேற்ற நிலையில் இருக்கிறது. இலத்திரன்களை ஏற்க அதற்கு இடமுண்டு. ஆனால் இலத்திரன்களை ஏற்று நைத்திரிக்கொட்சைட்டாக மாறும்போது, ஒட்சிசன் அணுக்கள் இரண்டை நீராக விட்டுவிட வேண்டும். அதற்கு நான்கு ஐதரசன் அயன்கள் தேவை. அந்த அரைத்தாக்கத்தின் நியம மின்வாய் அழுத்தம், அதாவது இலத்திரனை ஏற்கும் நாட்டத்தின் அளவு, 0.96 வோல்ற்று என்று அட்டவணை சொல்வது ஐதரசன் அயன் செறிவு லீற்றருக்கு 1 மூலாக இருக்கும்போதுதான். மூன்று இலத்திரன்களுக்கு நான்கு ஐதரசன் அயன்கள் என்பதால், பிஎச் பெறுமானம் ஒன்று கூடும் ஒவ்வொரு தடவையும் அழுத்தம் 0.079 வோல்ற்று குறையும். நடுநிலைக் கரைசலில், பிஎச் 7 இல், அது 0.41 வோல்ற்றாகிவிடுகிறது, அயடீன் அயடைட்டாவதன் 0.54 வோல்ற்றைவிடக் குறைவு. போதாததற்கு நடுநிலையில் தாக்கவீதமும் மிக மிகக் குறைவு. பொற்றாசியம் நைத்திரேற்றுக் கரைசலில் பொற்றாசியம் அயடைட்டைப் போட்டால் நாட்கணக்கில் நிறம் மாறாமல் இருப்பது இதனாலேயே.

செப்புத் துருவலை வைத்து இதைக் கண்ணால் காணலாம். பொற்றாசியம் நைத்திரேற்றுக் கரைசலில் செப்பு மாறாது. ஐதான சல்பூரிக்கமிலத்திலும் செப்பு மாறாது. இரண்டையும் ஓரளவு செறிவாகக் கலந்து இளஞ்சூடாக்கினால் கரைசல் நீலமாகும். நிறமற்ற நைத்திரிக்கொட்சைட்டு எழுந்து, வளியைத் தொட்டவுடன் கபில நிறமாகும். அமிலத்தையும் நைத்திரேற்றையும் ஒன்றாகச் சேர்த்தபோது கரைசலில் நைத்திரிக்கமிலமே இருக்கிறது, அவ்வளவுதான். கபில வாயு நுரையீரலுக்குத் தீங்கானது என்பதால் ஆசிரியர் முன்னிலையில், நல்ல காற்றோட்டத்தில், சிறிதளவில் மட்டுமே செய்ய வேண்டும். இதற்கு மாறாக, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் செப்புக் கம்பியைத் தொங்கவிடும்போது அமிலம் எதுவுமின்றியே வெள்ளி ஊசிகள் வளர்ந்து கரைசல் நீலமாகிறது, அங்கே இலத்திரனை ஏற்பது வெள்ளி அயன் (0.80 வோல்ற்று), கொடுப்பது செப்பு (0.34 வோல்ற்று), நைத்திரேற்றுக்கு வேலையில்லை. இரண்டிலும் நீலம் தோன்றுவதால் இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. பேரியம் சல்பைற்று வெண்ணிற வீழ்படிவு. ஐதான ஐதரோகுளோரிக்கமிலத்தில் கந்தகவீரொட்சைட்டை விட்டுக் கரையும். நீங்கள் சேர்த்தது நைத்திரிக்கமிலம். அதில் நைத்திரேற்றும் இருந்தது, ஐதரசன் அயனும் இருந்தது, எளிதில் இலத்திரன் கொடுக்கும் சல்பைற்றும் இருந்தது. மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்தபோது சல்பைற்று சல்பேற்றாக ஒட்சியேற்றப்பட்டது. மூன்று சல்பைற்றுக்கு இரண்டு நைத்திரேற்றும் இரண்டு ஐதரசன் அயனும் சேர்ந்து மூன்று சல்பேற்று, இரண்டு நைத்திரிக்கொட்சைட்டு, ஒரு நீர் என்பது அதன் தேறிய அயன் சமன்பாடு. பேரியம் சல்பேற்று எந்த ஐதான அமிலத்திலும் கரையாது என்பதால் வீழ்படிவு எஞ்சியது. சல்பைற்றுப் போத்தல் பழையதாயின் வளியின் ஒட்சிசனே அதில் ஒரு பகுதியை முன்னதாகச் சல்பேற்றாக்கியிருக்கும். அதனால் புதிய மாதிரியுடன் மீண்டும் செய்து பாருங்கள். சல்பைற்று இருக்கலாம் என்ற ஐயம் உள்ளபோது முதலில் ஐதான ஐதரோகுளோரிக்கமிலம் சேர்த்து இளஞ்சூடாக்கி வாயுவை வெளியேற்றிவிட்டுப் பேரியம் குளோரைட்டைச் சேர்ப்பதே நல்லது. பேரியம் நைத்திரேற்றையும் நைத்திரிக்கமிலத்தையும் தேட வேண்டியது, மாதிரியில் வெள்ளியோ ஈயமோ இருந்து குளோரைட்டே வீழ்படிவு தரக்கூடிய நிலையில் மட்டுமே. நைத்திரேற்றைத் தாக்கத்தில் பங்கேற்காத பார்வையாளர் அயன் என்று எழுதிவிட்டு மறந்துவிடும் பழக்கம் இப்படிப்பட்ட இடத்தில்தான் தவறான முடிவுக்குக் கொண்டுபோகிறது.

நைத்திரேற்றைக் கண்டறியும் கபில வளையச் சோதனையும் அமிலத்தில் நைத்திரேற்று தாழ்த்தப்படுவதைப் பயன்படுத்துவதுதான். பெரசு சல்பேற்றையும் (+2 ஏற்றமுள்ள இரும்பின் சல்பேற்று) நைத்திரேற்றையும் கலந்த குளிர்ந்த கரைசலின் அடியில் செறிந்த சல்பூரிக்கமிலம் குழாய்ச் சுவர் வழியே மெல்ல இறக்கப்படும்போது, இரு படைகளும் சந்திக்கும் இடத்தில் மட்டும் அமிலம் போதுமான செறிவை அடைகிறது. அங்கே பெரசு அயன் நைத்திரேற்றை நைத்திரிக்கொட்சைட்டாகத் தாழ்த்த, எஞ்சிய பெரசு அயனுடன் அந்த ஒட்சைட்டு சேர்ந்து கபில நிறச் சிக்கலைத் தருகிறது. குழாயைக் குலுக்கினாலோ சூடேற்றினாலோ வளையம் போய்விடும். நைத்திரைற்று, அதாவது நைத்திரேற்றைவிட ஓர் ஒட்சிசன் குறைந்த அயன், இருந்தால் ஐதான அமிலத்திலேயே முழுக் கரைசலும் கபிலமாகிவிடும். புரோமைட்டும் அயடைட்டும் செறிந்த அமிலத்துடன் நிறம் தந்து குழப்பும்.

கார ஊடகத்தில் வழி வேறு. சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் டெவாடாவின் கலப்புலோகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால், அதிலுள்ள அலுமினியம் நைத்திரேற்றை ஒரேயடியாக அமோனியாவரை தாழ்த்திவிடும். ஒவ்வொரு நைதரசனும் எட்டு இலத்திரன்களை ஏற்கிறது. அந்தக் கலப்புலோகத்தில் செப்பு 50, அலுமினியம் 45, நாகம் (துத்தநாகம்) 5 சதவீதம். ஈரமான சிவப்புப் பாசிச்சாயத்தாள் நீலமாவதைப் பார்க்கலாம். அமோனியம் உப்பு இருந்தால் காரத்திலேயே அமோனியா வந்துவிடும் என்பதால், உலோகத்தைப் போடுவதற்கு முன்பே காரத்துடன் கொதிக்கவைத்து அதனை முற்றாக வெளியேற்ற வேண்டும். இந்த ஒரு படியைத் தவறவிட்டு அமோனியம் குளோரைட்டை நைத்திரேற்று என்று அறிக்கையிடுவது செய்முறைப் பரீட்சைகளில் மிகப் பொதுவான பிழை.

கிணற்று நீருக்கு வருகிறேன். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை; மக்கள் நம்பியிருப்பது சுண்ணாம்புக் கற்பாறைக்குள் தேங்கும் நிலத்தடி நீரை. தோட்டங்களுக்கு இடும் நைதரசன் உரமும் மலசலகூடக் குழிகளின் கசிவும் மண்ணில் நைத்திரேற்றாக மாறுகின்றன. பொசுபேற்று மண்ணில் கல்சியத்துடனும் இரும்புடனும் சேர்ந்து தங்கிவிடும். நைத்திரேற்றைப் பிடித்து வைக்கும் கற்றயன் எதுவும் மண்ணில் இல்லை, ஆகவே மழைநீருடன் நேரே கீழிறங்குகிறது. பொற்றாசியம் நைத்திரேற்றுக் குழாயில் நீங்கள் கண்ட அதே நடத்தை, அங்கே கிணறுகளின் துன்பமாகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டற் பெறுமானம் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று, அது 0.8 மில்லிமூல் அளவே. அவ்வளவு ஐதான நைத்திரேற்றை வீழ்படிவாக்கக்கூடிய, குடிநீரில் போடத்தக்க உப்பு எதுவும் கிடையாது. அம்பத்தலையில் களனி நீரின் சேற்றைப் படியவைக்கும் படிகாரம் களித்துணிக்கைகளைப் பிடிக்கும், நைத்திரேற்றைப் பிடிக்காது. குளோரீன் அதனை மாற்றாது. கொதிக்கவைத்தால் நீர்தான் ஆவியாகும். இரண்டு லீற்றர் ஒரு லீற்றராகச் சுண்டினால் செறிவு இருமடங்காகும். கிருமிக்காகக் கொதிக்கவைத்த நீர் பாதுகாப்பானது என்று நம்பிப் பச்சிளங்குழந்தைக்குப் பால்மா கரைத்துக் கொடுப்பவர்களை நினைத்தே இதை வலியுறுத்துகிறேன். உடலில் நைத்திரேற்று நைத்திரைற்றாகி, ஒட்சிசனைக் காவும் குருதியின் திறனைக் குறைப்பதால் ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளே கூடுதல் ஆபத்தில் இருக்கிறார்கள்.

அகற்ற முடிந்த வழிகள் வேறு வகையானவை. ஆர்ஓ, அதாவது எதிர்ச் சவ்வூடுபரவல், வடிகட்டியின் மென்சவ்வு நைத்திரேற்றில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். அயன் பரிமாற்றப் பிசின் குளோரைட்டைக் கொடுத்து நைத்திரேற்றை எடுத்துக்கொள்ளும். ஆனால் சாதாரணப் பிசின்கள் சல்பேற்றையே முதலில் விரும்பிப் பிடிப்பதால் நீரின் சல்பேற்று அளவையும் பார்த்துத்தான் தெரிவுசெய்ய வேண்டும். ஒட்சிசன் இல்லாத இடத்தில் சில பற்றீரியங்கள் நைத்திரேற்றை நைதரசன் வாயுவாகவே தாழ்த்துகின்றன; பெரிய சுத்திகரிப்பு நிலையங்கள் அதனைப் பயன்படுத்தும், வீட்டுக் கிணற்றுக்கு அது பொருந்தாது. கரி வடிகட்டி மட்டும் வாங்கி ஏமாந்துவிடாதீர்கள்.

எதையும் வாங்குவதற்கு முன் அறிக்கையில் அளவு எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். சில ஆய்வுகூடங்கள் நைத்திரேற்றாகவும், சில அதிலுள்ள நைதரசனாக மட்டும் கணித்தும் எழுதுகின்றன. நைத்திரேற்றின் 62 பங்கில் நைதரசன் 14 பங்கு என்பதால் இரண்டாவது வகை எண்ணை 4.43 ஆல் பெருக்கினால்தான் முதலாவது வகை எண் கிடைக்கும். 20 என்ற எண் நைத்திரேற்றாக இருந்தால் நீர் எல்லைக்குள் இருக்கிறது. நைதரசனாக இருந்தால் 88 மில்லிகிராமுக்கும் மேல், அதாவது எல்லைக்கு வெளியே. அம்மம்மா வீட்டில் கைக்குழந்தை இருந்தால் அது தெளிவாகும்வரை குழந்தைக்கு வேறிடத்து நீரையே கொடுக்கச் சொல்லுங்கள்.